தாத்தா வீட்டு டிவிடி பிளேயரில் உங்கள் போன் வீடியோ ஓட வேண்டுமா? இப்படிச் செய்யுங்கள்!

பேத்தியின் காதுகுத்து, அக்காவின் வளைகாப்பு, அப்பாவின் அறுபதாம் கல்யாணம்... எல்லாமே இன்று போனுக்குள்தான் இருக்கின்றன. ஆனால், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு லிங்க் அனுப்பினால் திறக்கத் தெரியாது. அவர்களுக்குப் பழகியது டிவிக்குக் கீழே இருக்கும் டிவிடி பிளேயர்தான். 'ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்துவிடலாமே' என்று வீடியோவை அப்படியே காப்பி செய்து கொடுப்போம். கம்ப்யூட்டரில் ஓடிய அந்த டிஸ்க், பழைய பிளேயரில் போட்டால் ஓடாது. ஏன்?

காப்பி வேறு, ஆத்தரிங் வேறு

போனில் எடுக்கும் வீடியோ பெரும்பாலும் எம்பி4 ஃபைலாக இருக்கும். பழைய டிவிடி பிளேயருக்குத் தெரிந்ததோ எம்பெக்-2 என்ற வடிவம். அதுவும் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள், குறிப்பிட்ட முறையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த வீடியோ எங்கே தொடங்குகிறது, மெனுவில் எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் அங்கிருக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள்தான் பிளேயருக்குச் சொல்லும். இந்த மொத்த ஏற்பாட்டையும் செய்து தருவதுதான் டிவிடி ஆத்தரிங் சாஃப்ட்வேர்.

விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் 'விண்டோஸ் டிவிடி மேக்கர்' கூடவே வந்தது. விண்டோஸ் 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இலவசமாகக் கிடைப்பவற்றில் 'டிவிடி ஸ்டைலர்' வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது.

எப்படிச் செய்வது?

1. புதிய புராஜெக்ட்டைத் திறந்ததும் டிஸ்க்கின் பெயர், கொள்ளளவு, வீடியோ வடிவம் ஆகியவற்றைக் கேட்கும். 4.7 ஜிபி, பால் (PAL அல்ல என்டிஎஸ்சி என்று குழம்ப வேண்டாம்; இந்தியாவுக்குப் 'பால்'தான்), 16:9 ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. மெனுவுக்கான டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். மெனு வேண்டாம் என்றாலும் சரி. ரிமோட்டில் அதிகம் பழகாத பெரியவர்களுக்கு, போட்டவுடன் ஓடும் டிஸ்க்தான் வசதி.

3. வீடியோக்களை இழுத்துக் கீழே உள்ள பகுதியில் வரிசையாக விடுங்கள். நீளமான வீடியோ என்றால் 'தாலி கட்டுதல்', 'விருந்து' எனப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

4. நேரடியாக டிஸ்க்கில் எழுதாமல், முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாகச் சேமியுங்கள். அதை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் டிஸ்க் வீணாகாது. பிறகு, அந்த ஃபைலை விண்டோஸிலேயே ரைட் கிளிக் செய்து பர்ன் செய்யலாம். சித்தப்பா வீட்டுக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றால், அதே ஃபைல் போதும்.

லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லையா? யூஎஸ்பியில் இணைக்கும் டிவிடி ரைட்டர் தனியாகக் கிடைக்கிறது.

இவற்றைக் கவனியுங்கள்

* ஒரு டிஸ்க்கில் ஒரு மணி நேரம் என்றால் படம் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் திணித்தால் முகங்கள் மங்கும். இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பதே நல்லது.

* போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ, டிவியில் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு ஒடுங்கித்தான் தெரியும். விசேஷங்களில் போனைப் படுக்கை வாக்கில் பிடித்து எடுங்கள்.

* பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர் டிஸ்க் பெரும்பாலும் ஒத்துப்போகும். பர்ன் வேகத்தை 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் என வையுங்கள்.

* டிஸ்க் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். அதற்கான மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.

ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்!

'அதான் டிவிடி போட்டாச்சே' என்று போனில் இருப்பதை அழித்துவிடுபவர்கள் உண்டு. இது பெரிய இழப்பு. ஃபுல் ஹெச்டி வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பால் டிவிடியில் 720-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான். டிஸ்க்கில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு விவரம் மட்டுமே. போன விவரத்தை எந்த சாஃப்ட்வேராலும் அப்படியே மீட்டுத் தர முடியாது. தவிர, வீட்டில் பர்ன் செய்யும் டிஸ்க்கில் தகவல் பதிவது ஒரு சாய அடுக்கில். வெயிலும் சூடும் அதைக் கெடுத்துவிடும், கீறலும் விழலாம்.

எனவே, டிவிடி என்பது பார்த்து மகிழ, பாதுகாக்க அல்ல. ஒரிஜினல் வீடியோக்களை ஒரு ஹார்டு டிஸ்க்கிலும், வேறோர் இடத்தில் இன்னொரு காப்பியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிம்மதியாக டிவிடியைத் தாத்தாவின் கையில் கொடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவரோடு உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்!