அமெரிக்க அரசின் 3 பிரிவுகள் எவை? - குடிமையியலில் தடுமாறும் அமெரிக்க இளைஞர்கள்... காரணம் என்ன?

‘அமெரிக்க அரசின் மூன்று பிரிவுகள் எவை?’, ‘செனட் சபையில் எத்தனை உறுப்பினர்கள்?’, ‘அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்றைச் சொல்லுங்கள்?’

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. நம்மூரில் இருந்து போய், கிரீன் கார்டு வாங்கி, பல வருஷம் காத்திருந்தவர்களும் இதையெல்லாம் உட்கார்ந்து படித்துத்தான் குடியுரிமை வாங்குகிறார்கள். சரி, அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டால்? நிறைய பேர் ஃபெயில்!

ஆய்வுகள் சொல்வது என்ன?

2018-ல் உட்ரோ வில்சன் அறக்கட்டளை 1,000 அமெரிக்கர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. குடியுரிமைத் தேர்வின் பயிற்சிக் கேள்விகள்தான் கேட்கப்பட்டன. 10-க்கு 6 சரியாகச் சொன்னால் பாஸ்.

* ஒட்டுமொத்தமாகத் தேறியவர்கள்: 36%
* 65 வயதைக் கடந்தவர்களில்: 74%
* 45 வயதுக்கு உட்பட்டவர்களில்: வெறும் 19%

மின்விளக்கைக் கண்டுபிடித்தது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று 37% பேர் சொன்னார்களாம்.

பள்ளிகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு 2022-ல் நடந்த தேசிய அளவிலான குடிமையியல் மதிப்பீட்டில் சராசரி மதிப்பெண் 300-க்கு 150. ‘நல்ல தேர்ச்சி’ என்ற நிலையைத் தொட்டவர்கள் 22% மட்டுமே. அடிப்படை நிலையைக்கூட எட்டாதவர்கள் 31%. 1998-ல் இந்த மதிப்பீடு தொடங்கியதில் இருந்து மதிப்பெண் சரிந்தது அதுவே முதல் முறை.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடியுரிமை கேட்பவர்களுக்கு கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே கிடைக்கும். அவர்களில் 90%-க்கும் மேற்பட்டோர் தேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வில் பங்கேற்றவர்களோ எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பதில் சொன்னவர்கள். ஆகவே, ‘வெளியில் இருந்து வந்தவர்கள் புத்திசாலிகள், உள்ளூர்க்காரர்கள் மக்கு’ என்று சொல்லிவிட முடியாது. படித்தால் வரும், படிக்க வைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஏன் படிக்க வைக்கவில்லை?

அமெரிக்காவில் பள்ளிப் பாடத்திட்டத்தை மத்திய அரசு தீர்மானிப்பதில்லை. மாநிலங்களும் உள்ளூர் பள்ளி வாரியங்களும்தான் முடிவு செய்கின்றன. அதனால் குடிமையியலுக்கு ஒரு மாநிலத்தில் ஒரு வருஷம், இன்னொன்றில் அரை வருஷம் என ஆளுக்கொரு கணக்கு.

2002-ல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வாசிப்பிலும் கணிதத்திலும் மாணவர்கள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்தே பள்ளிகள் எடைபோடப்பட்டன. தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரம் குறைந்தது. பணமும் அப்படித்தான். அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் போன்ற பாடங்களுக்கு மத்திய அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 டாலர் செலவழிக்கிறது, குடிமையியலுக்கோ 5 சென்ட்தான் என்கிறது 2021-ல் வெளியான ஓர் அறிக்கை.

தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

கல்விக் கடன் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் அன்றைய அதிபர் ஜோ பைடன், கல்விக் கடனில் தலா 10,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கான ‘பெல்’ உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 20,000 டாலர் வரை. சுமார் 4 கோடி பேர் பயனடைவார்கள் என்றது அரசு. ஆனால் 2023 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. இவ்வளவு பெரிய தள்ளுபடிக்கான அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரஸ் அதிபருக்குத் தரவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அதிபர் அறிவிக்கிறார், நீதிமன்றம் நிறுத்துகிறது, அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது. ‘மூன்று பிரிவுகள் எவை?’ என்ற கேள்விக்கான பதில் இதுதான். இது புரியாத இளைஞர், ‘சொன்ன தள்ளுபடி எங்கே?’ என்று அதிபரை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பார். தன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரிடம் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

டிக்டாக் விவகாரமும் அதே கதைதான். 2024 ஏப்ரலில் காங்கிரஸ் சட்டம் போட்டது. 2025 ஜனவரி 17-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மூன்றே நாளில் பதவியேற்ற டிரம்ப், அமலாக்கத்தைத் தள்ளிப்போட்டார். தினமும் ஸ்க்ரோல் செய்யும் ஆப் இருக்குமா, போகுமா என்பதையும் இந்த மூன்று பிரிவுகள்தான் முடிவு செய்கின்றன.

மாற்றம் வருகிறதா?

2015-ல் அரிசோனா மாநிலம், பள்ளிப் படிப்பை முடிக்கக் குடியுரிமைத் தேர்வின் 100 கேள்விகளில் 60-க்காவது சரியாக விடை சொல்ல வேண்டும் என்று முதன்முதலாகச் சட்டம் கொண்டுவந்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ‘இது வெறும் மனப்பாடம்தானே?’ என்ற விமர்சனமும் கூடவே வந்தது.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. அங்கே 2018-ல் வந்த சட்டப்படி, 8-ம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே முன்னின்று நடத்தும் குடிமையியல் செயல்திட்டத்துக்குப் பள்ளிகள் வழிசெய்ய வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ’கானர் 2009-ல் தொடங்கிய ‘ஐசிவிக்ஸ்’ அமைப்போ, வீடியோ கேம் மூலமாகவே அரசு எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தருகிறது.

இளைஞர்களுக்கு அரசியலில் ஆர்வம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 இடைக்காலத் தேர்தலில் 18 முதல் 29 வயதுக்காரர்களில் 13% பேர்தான் வாக்களித்தார்கள். 2018-ல் அது 28%. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு இது. வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள். போட்ட ஓட்டால் யாருக்கு என்ன அதிகாரம் போகிறது என்பதைத்தான் பள்ளி சொல்லித்தரவில்லை.

இதற்கிடையே, 2025 அக்டோபர் 20 முதல் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களுக்குத் தேர்வு இன்னும் கடினமாகிவிட்டது. முன்பு 10 கேள்விகளில் 6 சரியாக இருந்தால் போதும். இப்போது 128 கேள்விகள் கொண்ட பட்டியலில் இருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அங்கேயே பிறந்தவர்கள் எல்லோரும் எழுதியாக வேண்டிய தேசியத் தேர்வு மட்டும் இன்னும் எதுவும் இல்லை.