கழிவா, மூலப்பொருளா?

பயறுவகைச் செடியின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியம் வாழ்கிறது. செடி அதற்கு உணவளிக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகிறது. இதனைக் கூட்டுயிர் வாழ்வு என உயிரியல் கூறும். ஓர் ஆலை கழித்துவிடும் பொருளை மற்றோர் ஆலை மூலப்பொருளாக ஏற்கும் முறைக்கும் அப்பெயரையே தழுவித் ‘தொழில்துறைக் கூட்டுயிர் வாழ்வு’ எனப் பெயரிட்டுள்ளனர். இம்முறைக்கேற்ப ஆலைகளைத் திட்டமிட்டு ஓரிடத்தில் அமைப்பின் அது சூழல்சார் தொழிற்பூங்கா ஆகும். செடிக்கும் பாக்டீரியத்துக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஆலைகளுக்குச் சட்டத்தின் அனுமதி தேவை.

டென்மார்க்கின் கடற்கரை நகரமான கலுண்ட்போர்க் இம்முறைக்கு முன்னோடி. வியப்பு என்னவெனில், அங்கு இதனை எவரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு, 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரப்பட்டது. 1972இல் அவ்வாலையின் மிகை எரிவாயு ஜிப்சம் பலகை ஆலைக்குச் சென்றது. 1981இல் அனல்மின் நிலையத்தின் வெப்பம் நகர வீடுகளைச் சூடேற்றத் தொடங்கியது. 1993இல் நிகழ்ந்த இணைப்பு இவற்றினும் சிறப்புடையது. நிலக்கரி எரிகையில் கந்தக டை ஆக்சைடு வெளிப்படும். அப்புகையைச் சுண்ணாம்புக் கலவையின் ஊடே செலுத்தினால் அவ்வாயு வினைபுரிந்து ஜிப்சமாக மாறும். காற்றைக் கெடுக்க வேண்டிய நஞ்சு, பலகை ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. இவை யாவும் இரு தரப்பினர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் விளைந்தவை.

அந்த ஜிப்சம் கழிவா, விற்பனைப் பொருளா? வேதியியலில் இவ்வினாவுக்கு இடமில்லை. சட்டத்திலோ எல்லாம் இதனைப் பொறுத்தே அமைகிறது. கழிவு எனில் அதனைச் சேமிக்கவும் கொண்டுசெல்லவும் பதப்படுத்தவும் தனித்தனி விதிகள் உண்டு. பொருள் எனில் சரக்குந்தில் ஏற்றி அனுப்பிவிடலாம். பின்லாந்தின் கருங்கல் சுரங்கம் ஒன்றைக் குறித்த ‘பாலின் கிரானிட்’ வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் இதனை ஆராய்ந்தது. எஞ்சிய கல்லும் வெட்டி எடுத்த கல்லும் ஒரே பாறையினவே என்பது நிறுவனத்தின் வாதம். ‘எப்பொழுதாவது பயன்படலாம்’ என்னும் நிலையில் குவித்து வைக்கப்பட்ட கல் கழிவே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் தடத்திலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவு நெறியாணை ‘துணை விளைபொருள்’ என்பதற்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தது. அப்பொருளின் பயன்பாடு உறுதியானதாக இருத்தல் வேண்டும். வழக்கமான தொழில்முறைக்கு மேற்பட்ட பதப்படுத்தல் கூடாது. அது உற்பத்திச் செயல்முறையின் பிரிக்கவியலாத பகுதியாகத் தோன்றியிருத்தல் வேண்டும். அதன் பயன்பாடு சட்டத்துக்கு உட்பட்டு, சூழலுக்கும் உடல்நலத்துக்கும் தீங்கற்றதாக அமைதல் வேண்டும். முதல் நிபந்தனையே கடினமானது. பலகை ஆலை மூடப்பட்டு, வேறு வாங்குவோரும் இலராயின், நேற்றுவரை பொருளாயிருந்த அதே ஜிப்சம் இன்று கழிவாகிவிடும். மூலக்கூறு மாறவில்லை, வாங்குபவரே இல்லாமற் போனார்.

இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என வினவலாம். நச்சுக்கசடு நிறைந்த பீப்பாய்களை ‘மூலப்பொருள்’ எனச் சீட்டெழுதிப் பெயரளவு விலைக்கு விற்க ஒருவரால் இயலுமெனில், அவை இறுதியில் சென்று சேருமிடம் ஏதேனும் ஓர் ஏரிக்கரையாக இருக்கலாம். விலைச்சீட்டு ஒன்றே சான்றாகாது. இந்தியாவின் தீங்குமிகு கழிவுகள் விதிகள், 2016 இதனை உணர்ந்தே எழுதப்பட்டவை. அதன் 9ஆம் விதிப்படி, அத்தகைய கழிவை ஆதாரமாகப் பயன்படுத்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெறல் வேண்டும். மத்திய வாரியம் வகுத்த செயல்முறை நெறிகளே அதற்கு அடிப்படை. இக்காவலுக்கும் ஒரு விலை உண்டு: நேர்மையான சிறு ஆலையும் அனுமதிக்காகக் காத்திருக்க நேர்கிறது.

அனல்மின் நிலையச் சாம்பலில் இந்தியச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அனுமதிப்பதோடு நில்லாது கட்டாயப்படுத்தியது. செங்கல் சூளைகளுக்காக வளமான மேல்மண் அகழப்படுவதைத் தடுப்பதும் 1999ஆம் ஆண்டு அறிவிக்கையின் நோக்கம். நிலக்கரி அல்லது பழுப்பு நிலக்கரியால் இயங்கும் மின்நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் களிமண் செங்கல் செய்வோர், எடையில் 25 விழுக்காடேனும் சாம்பல் கலத்தல் வேண்டும் என அது ஆணையிட்டது. மின்நிலையங்கள் சாம்பலை விலையின்றித் தரவும் பணித்தது. பழுப்பு நிலக்கரி கிடைக்கும் நெய்வேலியும் இவ்வரம்புக்குள் வந்தது. ஆயினும் சாம்பற்குளங்கள் வற்றவில்லை. எனவே 2021 டிசம்பர் 31இல் வெளியான புதிய அறிவிக்கை, பயன்படுத்தப்படாது எஞ்சும் ஒவ்வொரு டன் சாம்பலுக்கும் மின்நிலையம் 1,000 ரூபாய் சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும் என விதித்தது.