தாழ்ந்த பாலமும் பாய்மரப் படகும்

பாலத்தின்மேல் நடந்து செல்பவனுக்கு அதன் உயரம் என்றும் ஒன்றே. அதன் கீழே படகிற் செல்பவனுக்கோ அவ்வுயரம் நாழிகைக்கு நாழிகை மாறுவது. நீர் பெருகினால் பாலம் தாழ்கின்றது. நீர் வற்றினால் பாலம் உயர்கின்றது. கல்லும் சாந்தும் அசைவதில்லை, அசைவது நீரே. இந்த எளிய உண்மையை மறப்பதனாலேயே பாய்மரம் முறிவதும், விரல்கள் நசுங்குவதும், சில வேளை உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. நேயர்களே, உயர்ந்த மரமுடைய சிறு பாய்ப்படகொன்றைத் தாழ்ந்த பாலத்தின் கீழே தீங்கின்றிச் செலுத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கலையைக் கற்பதற்கு இங்கிலாந்தின் கிழக்குக் கரையை அடுத்த நோர்போக் பகுதியினும் சிறந்த பள்ளி காண்பது அரிது. அங்கே புயூர், தேர்ண், யார் முதலிய ஆறுகளும், அவற்றோடு இணைந்த ஆழமற்ற ஏரிகளும் ஏறத்தாழ 125 மைல் நீளமான படகு வழியாக அமைந்துள்ளன. அந்நாட்டார் இவ்வேரிகளைப் புரோட்ஸ் என்பர். இடைக்காலத்து மக்கள் எரிபொருளுக்காக முற்றா நிலக்கரியை வெட்டியெடுத்த பள்ளங்களே பின்னர் நீர் நிறைந்து ஏரிகளாயின என்பதை 1950களில் தாவரவியல் அறிஞர் ஜொய்ஸ் லம்பேட்டும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளிப்படுத்தினர். நிலமோ தட்டையானது, காற்றை மறிக்க மலை இல்லை. ஆதலால் அது பாய்க்கு உகந்த நாடு. ஆயினும் ஆறுகளின் குறுக்கே பழைய பாலங்கள் தாழ்ந்து கிடக்கின்றன. தேர்ண் ஆற்றின்மேல் பொற்றர் ஹைகம் என்னும் ஊரில் இடைக்காலப் பாலம் ஒன்று உண்டு. நடுவிலே வட்ட வளைவு ஒன்று. இருபுறமும் கூர் வளைவுகள் இரண்டு. நடு வளைவின் உச்சிக்கும் சராசரி உயர்நீர் மட்டத்துக்கும் இடையே உள்ள வெளி 6 அடி 9 அங்குலம் எனப் பட்டியல்கள் குறிக்கும். அங்கு ஓடும் படகுகளின் மரமோ முப்பது அடி, நாற்பது அடி உயர்ந்து நிற்கும்.

இந்த முட்டுக்கட்டையை அவ்வூர்ச் சரக்குப் படகோட்டிகள் வென்ற விதம் வியக்கத்தக்கது. வெர்ரி எனப்படும் அவர்களுடைய படகில் மரம் ஒன்று, பாயும் ஒன்று. மரத்தைப் பக்கங்களிலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் இல்லை; முன்கயிறு ஒன்றே அதனைத் தாங்கும். மரம் தளத்தளவில் ஓர் அச்சிலே பொருத்தப்பட்டிருக்கும். அச்சுக்குக் கீழே நீண்டு செல்லும் அடிப்பகுதியில் ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட பாரம் ஏற்றப்பட்டிருக்கும். கிணற்றுத் துலாவைக் கண்டவர்களுக்கு இதன் இயல்பு உடனே விளங்கும். அடியிலுள்ள பாரமும் மேலேயுள்ள மரமும் ஒன்றையொன்று சமன் செய்வதனால், முன்கயிற்றைத் தளர்த்தியதும் அந்தப் பெரிய மரம் மெல்லப் பின்சாய்ந்து படுக்கும். அடிப்பகுதி முன்தளத்தின் திறப்பு வழியே மேலெழும். பாலத்தைக் கடந்தபின் கயிற்றை இழுத்தால் மரம் மீண்டும் நிமிரும். இவ்வளவையும் இருவரே செய்து முடிப்பர். 1898இல் கட்டப்பட்ட அல்பியன் என்னும் வெர்ரியை, 1949இல் தோன்றிய நோர்போக் வெர்ரிச் சங்கம் பேணிக் காத்துள்ளது.

இனி, சிறு படகு ஒன்றில் செல்வோன் கவனிக்க வேண்டியவற்றை முறையாக நோக்குவோம்.

முதலாவது அளவு. மரத்தைச் சாய்த்துத் தாங்கியின்மேல் கிடத்தியபின், நீர்மட்டத்திலிருந்து படகின் மிக உயர்ந்த புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அப்புள்ளி பெரும்பாலும் கூரையாக இராது. சாய்ந்த மரத்தின் நுனியாகவோ, அதிலுள்ள காற்றுக்காட்டியாகவோ இருக்கும். ஆட்களும் பொருள்களும் நிறைந்த படகு தாழ்ந்து மிதக்கும். அவற்றை இறக்கியதும் அதே படகு சில அங்குலம் உயரும். எனவே பாரம் குறைந்தாற் செல்வது எளிது என்று எண்ணிப் பயணிகளைக் கரையில் இறக்கிவிடுவோன், நுழையக்கூடிய பாலத்திலும் முட்டிக்கொள்ள நேரும். பாலத்தருகே நாட்டப்பட்ட அளவுப் பலகை அந்நேரத்து வெளியைக் காட்டும். ஆனால் வளைவுப் பாலத்தில் அந்த அளவு நடுவிற்கே உரியது. பக்கத்தே ஓரிரு அடி விலகினாலும் வளைவு தலையிலே இறங்கிவிடும்.

இரண்டாவது நீரோட்டம். கடலின் வற்றுப்பெருக்கு மட்டுமன்று, உள்நாட்டில் பெய்த மழையும், கடலிலிருந்து வீசும் காற்றும் ஆற்றின் மட்டத்தை உயர்த்தும். அச்சிட்ட அட்டவணையை நம்பி இவற்றை மறத்தல் ஆகாது. கூடுமானவரை ஓட்டத்துக்கு எதிராகவே பாலத்தை அணுகுதல் நன்று. எதிர்த்துச் செல்லும் படகை விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஓட்டத்தோடு செல்லும் படகை நிறுத்துவது அரிது. அன்றியும், நீரின் வேகத்திலேயே படகும் மிதந்து செல்லுமாயின், சுக்கானைத் தழுவி நீர் பாயாது. திருப்பினாலும் படகு திரும்பாது. ஓட்டத்தோடு இறங்கியே தீரவேண்டுமெனின், பழைய படகோட்டிகள் முகப்பை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, அங்கிருந்து ஒரு பாரத்தைக் கயிற்றிற் கட்டி ஆற்றடியில் இழுபட விட்டு, பின்புறமாகவே மெல்லச் செல்வர். படகு நீரினும் மெதுவாகச் செல்வதனால் சுக்கானுக்கு உயிர் வரும். கிறேற் யார்மத் போன்ற இடங்களில், ஓட்டம் அடங்கும் வேளைக்குக் காத்திருத்தலே அறிவுடைமை. அங்கே தாழ்நீருக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே அவ்வேளை வாய்க்கும். கடல் ஏறத் தொடங்கியபின்னும் ஆற்றுநீர் சிறிது நேரம் வெளியே ஓடிக்கொண்டிருப்பதே காரணம்.

மூன்றாவது மரத்தை இறக்கும் முறை. பாலத்துக்கு நெடுந்தூரம் முன்பே கரையிற் கட்டி, பாயை இறக்கிச் சுருட்டியபின் இதனைச் செய்தல் வேண்டும். மேலே மின்கம்பிகள் செல்கின்றனவா என முதலிற் பார்த்துக்கொள்க. உலோக மரம் மின்கம்பியைத் தொட்டால் உயிர் பிழைப்பது அரிது. அடியிற் பாரமில்லாத மரம் சாயச் சாயக் கனக்கும். நிமிர்ந்து நிற்கையில் ஒரு கையாற் பிடிக்கக்கூடிய முன்கயிறு, மரம் படுக்கும் வேளையில் அதனோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து, தாங்கும் வலியை இழந்துவிடும். ஆதலால் மரத்தின் அடியிலிருந்து முன்னோக்கி நீளும் குறுங்கழி ஒன்றின் நுனியில் முன்கயிற்றைக் கட்டுவர். மரம் படுக்கப் படுக்க அக்கழி நிமிர்ந்து, கயிற்றைத் தக்க கோணத்தில் நிறுத்தும். ஒருவர் கப்பிக் கயிற்றை மெல்ல விட, மற்றொருவர் பின்புறத்தில் மரத்தை ஏந்திக்கொள்ள வேண்டும். சாயும் மரத்தின் நேர்கீழே எவரும் நிற்றல் கூடாது.

இறுதியாகப் பாலத்தினுள் நுழைதல். அங்கே காற்று மறிபடும். எனவே பாயை நம்பாது, துடுப்பையோ கழியையோ பொறியையோ கொள்ளுதல் வேண்டும். அனைவரும் அமர்ந்திருக்க, தலையும் கையும் படகின் எல்லைக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். கல்லிலே படகு உரசப் போகின்றதென்று கண்டு கையை நீட்டித் தடுப்பது மனித இயல்பு. பல தொன் நிறையுள்ள படகுக்கும் அசையாத கல்லுக்கும் நடுவே அகப்பட்ட கை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படகின் பூச்சை மீண்டும் பூசலாம்.

அளவுப் பலகையின் எண்ணுக்கும் நமது எண்ணுக்கும் இடையே சில அங்குலமே எஞ்சுமாயின், ஒருகால் நுழையலாம் என்று துணிவதினும் கரையிற் கட்டிக் காத்திருப்பதே மேல். பொற்றர் ஹைகம் பாலத்தில் வாடகைப் படகுகளைச் செலுத்துவதற்கென முன்னர் வழிகாட்டிகள் இருந்தனர். நீர் தாழவில்லையெனின் அவர்களும் மறுத்துவந்தனர். நாள்தோறும் அவ்வழி சென்ற அவர்களே மறுத்தனர் எனில், முதன்முறை வருபவன் திரும்புவதில் நாணத்துக்கு இடமில்லை. செல்வதா நிற்பதா என்னும் முடிவைப் பாலத்துக்கு வெளியே எடுத்தல் வேண்டும். உள்ளே நுழைந்தபின் முடிவெடுப்பது நீரோட்டமே.