பேய் தேடும் கண்ணாடி

கண்டதும் கேட்டதும் – 14

"கேமரா வைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேய் வீட்டுக்குள் போனால் ஆதாரம் கிடைக்குமா சார்?" இந்தத் தொடரைப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பேய் உலவுவதாகப் பேசப்படும் சென்னை டிமான்ட்டி காலனி பற்றி எழுதிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. ஆர்வத்தோடும் ஓரளவு பயத்தோடும் கேட்கிறார்கள். அவர்களுக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பார்த்தால் சாதாரண கறுப்புக் கண்ணாடிதான். ரே-பான் மெட்டா என்ற பெயரில் 2023-ல் வெளிநாடுகளிலும், 2025 மே மாதம் 29,900 ரூபாய் தொடக்க விலையில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. சட்டத்தின் ஒரு மூலையில் 12 மெகாபிக்சல் கேமரா, மறு மூலையில் பதிவு நடக்கும்போது எரியும் சிறு விளக்கு, ஐந்து மைக்குகள். பேய் தேடுகிறவர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. டெல்லியில் 2009-ல் இந்தியன் பாராநார்மல் சொசைட்டியைத் தொடங்கிய கௌரவ் திவாரியின் காலத்தில் ஒரு கையில் மின்காந்தமானி, மறு கையில் கேமரா என்று இருட்டுக்குள் நுழைந்தார்கள். இப்போது இரண்டு கைகளும் மிச்சம். தேடுகிறவர் பார்ப்பதை வீட்டிலிருப்பவர்களும் அப்படியே பார்க்கலாம்.

இரவில் இந்தக் கண்ணாடிக்கு என்னதான் தெரிகிறது என்று அறிய, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் நெசவாளர் ஒருவரின் தறிக்கூடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வீட்டைப் பற்றிப் பேய்க்கதை எதுவும் கிடையாது, அதற்காகவே தேர்ந்தெடுத்தேன். பேய் இல்லாத வீட்டில் கேமரா என்ன காட்டுகிறது என்று முதலில் தெரிந்தால்தானே, பேய் வீட்டில் அது காட்டுவதை எடைபோட முடியும்? நான் பார்த்த பேய் வேட்டைப் படங்கள் எதிலும் இந்த முதல் வேலையை யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

குழித்தறி. மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து இறங்கும் நூல்கள், துளையிட்ட அட்டைகளின் சரம், கீழே பாதி நெய்த அரக்குச் சேலை. விளக்கை அணைத்து, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் பதிவைத் தொடங்கித் தறியைச் சுற்றி வந்தேன். பிறகு பதிவைப் போனில் போட்டுப் பார்த்தோம். வெள்ளை உருண்டைகள் மிதந்து வருகின்றன. ஒன்று நேராக என்னை நோக்கி வந்து, சட்டென்று பக்கவாட்டில் திரும்பி ஓடுகிறது. ஆவி வேட்டைக்காரர்கள் 'ஆர்ப்' என்று சொல்லிக் காட்டுவது இதைத்தான். நெசவாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பட்டுப் பிசிறு சார் அது. பகல்ல எங்க மூக்குல ஏறுது, ராத்திரி உங்க கேமராவுல ஏறுது."

அவர் சொன்னதே சரியான விளக்கம். லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் தூசியின் மேல் ஒளி பட்டுத் திரும்பும்போது, அந்தத் தூசி கேமராவின் குவியத்துக்கு உள்ளே வராததால் பெரிய வட்டமாக மலர்ந்து பதிவாகும். ஒளி எவ்வளவுக்கு லென்ஸை ஒட்டி இருக்கிறதோ அவ்வளவுக்கு வட்டங்கள் பெருகும். கையடக்க டிஜிட்டல் கேமராக்களில் ஃபிளாஷ் லென்ஸின் பக்கத்துக்கே வந்த பிறகுதான் உலகம் முழுவதும் ஆர்ப் படங்கள் குவிந்தன. நெற்றியில் டார்ச், அதற்கு நாலு விரல் கீழே கேமரா என்ற ஏற்பாடு ஆர்ப் செய்வதற்கென்றே வடிவமைத்தது போன்றது.

அடுத்து டார்ச்சையும் அணைத்தேன். சன்னல் வழியாகத் தெருவிளக்கின் மங்கல் மட்டும். ஜக்கார்டு பெட்டி ஒரு தலையாகவும், தொங்கும் நூல்கள் முக்காடாகவும் பதிவில் தெரிந்தன. முக்காட்டுக்குள் இரண்டு கறுப்புக் குழிகள். அங்கே இருந்தது என்ன என்று தெரிந்த எனக்கே அடிவயிறு ஒரு முறை குளிர்ந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கும் சென்சார் மிகச் சிறியது. நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. போதாத ஒளியைக் கேமரா மின்னணு முறையில் பெருக்குகிறது, அதோடு புள்ளிகளும் பெருகுகின்றன. அந்தப் புள்ளிகளை மென்பொருள் வழித்து மெழுகுகிறது. மெழுகிய பிறகு எஞ்சும் திட்டுகளில் கண்ணும் வாயும் வரைவது நம் மூளை. குழந்தைப் பருவம் முதல் முகத்தைத் தேடிப் பழகிய மூளைக்கு இரண்டு குழியும் ஒரு கோடும் போதும்.

மூளையின் இந்தப் பழக்கத்தை இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆவி வேட்டை நிகழ்ச்சிகளில் வெறும் நாற்காலியின் மேல் குச்சி மனிதன் ஒருவன் கையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் 2010-ல் வீடியோ கேமுக்காக விற்ற கினெக்ட். அது அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை விழும் தூரத்தைக் கொண்டு மனித உடலைக் கண்டுபிடிக்கும். உடலைத் தேடு என்று பயிற்சி கொடுத்த மென்பொருள், திரைச்சீலையிலும் அலமாரியிலும் தோளும் முழங்கையும் கண்டுபிடித்துத் தந்துவிடும்.

இதெல்லாம் கருவியின் குறை. நாளை இதைவிட நல்ல சென்சார் வந்தால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொல்லலாம். தீராத குறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க 1883-ன் அடையாறுக்குப் போக வேண்டும்.

பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் அடையாறுக்கு வந்தது. சபையை நிறுவியவர்களில் ஒருவரான மேடம் பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டிய அறையில், சுவரோடு சேர்த்து ஓர் அலமாரி மாட்டப்பட்டிருந்தது. சபையினர் குருக்களாக நம்பிய மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தோன்றுவதாகச் சொன்னார்கள். 1883 ஆகஸ்டில் பிளாவட்ஸ்கி ஊட்டியில் இருந்தபோது, ஓய்வுபெற்ற படைத்தளபதி மார்கன் அடையாறுக்கு வந்தார். வீட்டை நிர்வகித்த திருமதி கூலம்ப் அலமாரிக் கதவைத் திறந்ததும் பீங்கான் தட்டு ஒன்று விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிடங்களில் திறந்தால் தட்டு முழுசாக இருந்தது, கூடவே ஒரு கடிதமும்.

மார்கன் நேர்மையானவர், கண்ணால் கண்டதை எழுதியும் கொடுத்தார். அன்று அவர் இந்தக் கேமராக் கண்ணாடியைப் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பகல், நல்ல வெளிச்சம், துல்லியமான பதிவு. தட்டு விழுவதும் உடைவதும் கதவு மூடுவதும் முழுத் தட்டு வெளிப்படுவதும் ஒரு வெட்டுகூட இல்லாமல் இருந்திருக்கும். அற்புதத்துக்கு அதைவிட ஆதாரம் வேண்டுமா என்று ஊரே கேட்டிருக்கும். ஆனால் அந்தப் பதிவில் அலமாரியின் முன்பக்கம் மட்டுமே இருக்கும், ஏனென்றால் மார்கன் பார்த்தது முன்பக்கத்தை மட்டும்தான். பின்பலகை நகரும் என்றும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை நுழைக்க வழி இருந்தது என்றும் பின்னாளில் சொன்னவர்கள் கூலம்ப் தம்பதியரே. முகத்தில் மாட்டிய கேமராவின் தீராத குறை இதுதான். நம் கவனத்தை வேறொருவர் எங்கே திருப்புகிறாரோ, கேமராவும் கூடவே அங்கே திரும்பும்.

1884 செப்டம்பரில் மதராஸ் கிறித்தவக் கல்லூரி இதழ், பிளாவட்ஸ்கி எழுதியதாகக் கூலம்ப் தம்பதியர் கொடுத்த கடிதங்களை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தின் சார்பில் ரிச்சர்ட் ஹாட்சன் சென்னை வந்தார். அவர் வருவதற்குள் அலமாரியை எரித்துவிட்டார்கள். கையில் எந்தக் கருவியும் இல்லாத ஹாட்சன் என்ன செய்தார்? அறைகளின் வரைபடம் போட்டார். சுவர் எங்கே கட்டப்பட்டது, எங்கே திறந்து அடைக்கப்பட்டது என்று விசாரித்தார். பார்த்தவர்களைக் கேட்டு, வாக்குமூலங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தார். சென்னைக் கடைக் கணக்குவரை போய், தட்டு உடைவதற்குச் சில வாரங்கள் முன்பு திருமதி கூலம்ப் அதே மாதிரித் தட்டுகளை ஜோடியாக வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். இருட்டில் எடுத்த எந்தப் படத்தையும்விட எனக்கு அந்தக் கடைக் கணக்கு பெரிய ஆதாரமாகத் தெரிகிறது.

ஹாட்சனின் அறிக்கை 1885-ல் வெளிவந்தது, பிளாவட்ஸ்கியை மோசடிக்காரர் என்றது. சபையினர் அதை ஏற்கவில்லை. சுவரில் இருந்த வழிகளெல்லாம் கூலம்ப் தம்பதியர் செய்த சதி என்றார்கள். 1986-ல் அதே ஆய்வுச் சங்கத்தின் இதழில் வெர்னான் ஹாரிசன், ஹாட்சன் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று விரிவாக எழுதினார். நூறு வருடம் கழித்து அந்தச் சண்டை ஏன் ஓயவில்லை? ஹாட்சன் சாட்சிகளிடம் எப்படிக் கேட்டார், எந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார், எதை விட்டார் என்பதற்குப் பதிவு இல்லை. அவருடைய எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

கேமராக் கண்ணாடிக்கு உண்மையான வேலை இருக்குமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். பேயைப் பிடிக்க நினைத்தால் அது உதவாது, தேடுகிறவரைக் கண்காணிக்க அருமையாக உதவும். 'டக்' என்று கேட்ட சத்தம் அவர் முழங்கால் தறிக்கட்டையில் இடித்ததா, கதவைத் தாழ்ப்பாள் போட்டாரா, "அம்மா, வெள்ளைச் சேலை கட்டியிருந்ததா?" என்று விடையைத் தானே ஊட்டிக் கேள்வி கேட்டாரா என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். வீட்டைக் காட்ட, அறையின் நாலு மூலையிலும் அசையாமல் நிறுத்திய சாதாரண போன்கள் போதும். அவை யார் சொன்னாலும் தலையைத் திருப்பாது.

சோதனை செய்தது செவிலிமேட்டில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சாலைக்கிணறு இருக்கிறது. விந்தியக் காட்டில் தனித்து விடப்பட்ட ராமானுஜரை வேடனும் வேடுவச்சியுமாக வந்து அழைத்துவந்த வரதரும் பெருந்தேவியும், இங்கே தண்ணீர் கேட்டுக் குடித்து மறைந்தார்கள் என்பது ஐதிகம். அங்கேயும் இரவில் போய்ப் படமெடுக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். யாரும் அங்கே உங்களுக்கு ஆதாரம் காட்டுவதாகச் சொல்லவில்லை, பயமுறுத்திப் பணம் கேட்கவும் இல்லை. சோதனை தேவைப்படுவது அப்படிக் கேட்கிறவர்களுக்கு.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய ஆற்றலைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. கல் விழும் வீடு, துணி தானாகப் பற்றும் வீடு என்று அழைப்பு வந்தால் அவர் முதலில் வீட்டு மனிதர்களோடுதான் உட்கார்ந்து பேசுவார். பல வீடுகளில் அதைச் செய்தது மனம் நொந்த ஒரு குடும்ப உறுப்பினர் என்று கண்டார். அவரைக் காட்டிக்கொடுத்து அவமானப்படுத்தாமல் சிகிச்சைக்கு வழி செய்தார்.

அந்த அக்கறை இன்று கேமராவோடு போகிறவர்களுக்கும் வேண்டும். அமுக்குவான் அமுக்குகிறது என்று சொல்லும் பெண், உறக்கத்தில் தசைகள் செயலிழந்த நிலையிலேயே விழிப்பு வந்துவிடும் அனுபவத்தைச் சொல்கிறாள். இரவில் அவள் வீட்டுக்குள் முகத்தில் கேமராவோடு நுழைகிறவர் அவள் அழுகையையும் சேர்த்துப் பதிகிறார். அது ஊர் பார்க்கும் படமாகிறது. அவளுக்கு வரன் பார்க்கும் நாளிலும் அந்தப் படம் இருக்கும். பதிவு விளக்கு எரிகிறது என்பது சம்மதம் ஆகாது. அதன் பொருள் அவளுக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள். தூக்கம் எப்படி, வீட்டில் என்ன சண்டை என்று கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பதிவு தேவையென்றால் பகலில், அவளுக்குப் புரியும்படி சொல்லி, அவள் சரி என்ற பிறகு செய்யுங்கள்.

அடுத்த இதழில் கோவை போத்தனூருக்குப் போவோம். அங்கிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழை நடத்திய பி. பிரேமானந்த், சாமியார்களின் வித்தைகளை ஊர் ஊராகச் செய்துகாட்டி விளக்கிய கதை.

(தொடரும்)