காத்ரீன் ஹெஸ்லிங்

காத்ரீன் ஹெஸ்லிங் (22 சூன் 1900 – 28 செப்டம்பர் 1979) ஒரு பிரெஞ்சுத் திரைப்பட நடிகை ஆவார். இவரது இயற்பெயர் அந்திரே ஹெஷ்லிங் என்பதாகும். ஓவியர் ஒகுஸ்ட் ரெனுவாரின் கடைசிக் கால ஓவியங்களுக்கு மாதிரியாக இருந்தவர். ஓவியரின் மகனும் திரைப்பட இயக்குனருமான ழான் ரெனுவாரின் முதல் மனைவி. ழானின் தொடக்ககால மௌனப் படங்களில் முதன்மை வேடங்களில் நடித்தார். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ரெனுவார் என்ற வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படத்தில் இவர் ஒரு முக்கியக் கதைமாந்தர்.

ஓவிய மாதிரி

அந்திரே வடகிழக்குப் பிரான்சின் மார்ன் மாவட்டத்திலுள்ள மொரோன்விலியே என்ற ஊரில் பிறந்தார். இவ்வூர் முதல் உலகப்போரில் முற்றிலும் அழிந்தது. போர்க்காலத்தில் தென் பிரான்சில் வாழ்ந்த இவர், நீஸ் நகருக்கு அருகே கான்-சுர்-மேர் என்ற ஊரில் இருந்த ஒகுஸ்ட் ரெனுவாரின் இல்லத்தில் ஓவிய மாதிரியாகச் சேர்ந்தார்.

அப்போது ரெனுவார் எழுபது வயதைக் கடந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தே வரைந்து வந்தார். அக்கால ஓவியங்கள் பலவற்றில் காணப்படும் செம்பொன் நிறக் கூந்தலுடைய பெண் அந்திரே ஆவார். 1918-1919இல் வரையப்பட்ட 'குளிக்கும் பெண்கள்' இவற்றுள் புகழ்பெற்றது. ரெனுவாரின் மூன்று மகன்களும் இதனை 1923இல் பிரெஞ்சு அரசுக்கு வழங்கினர். இவ்வோவியம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரெனுவார் 1919 திசம்பரில் காலமானார். அடுத்த மாதமே அந்திரேயும் ழானும் திருமணம் செய்துகொண்டனர். இவர்களது மகன் அலென் 1921இல் பிறந்தார்.

திரை வாழ்க்கை

திருமணத்திற்குப் பின் சில காலம் ழான் மட்பாண்டக் கலையில் ஈடுபட்டிருந்தார். மனைவியை நட்சத்திரமாக்கும் நோக்கத்துடன் மட்டுமே தான் திரைத்துறைக்குள் நுழைந்ததாக அவர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அந்திரே திரைக்காகக் காத்ரீன் ஹெஸ்லிங் என்ற பெயரை ஏற்றார். ழான் இயக்கிய முதல் படமான 'நீரின் மகள்' ஹெஸ்லிங்கை முதன்மை வேடத்தில் கொண்டது.

எமிலி சோலாவின் புதினத்தைத் தழுவிய 'நானா' (1926) இவரது மிகப்பெரிய வேடமாகும். வெள்ளைப் பூச்சிட்ட முகம், கருமை தீட்டிய கண்கள், பொம்மை போன்ற வெட்டி வெட்டி அசையும் உடல்மொழி ஆகியன இவரது நடிப்பின் அடையாளங்கள். இயல்பான நடிப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றியது. படம் வணிக அளவில் தோல்வியுற்றது. அதன் செலவை ஈடுகட்ட ழான் தந்தையின் ஓவியங்களை விற்க நேர்ந்தது.

பின்னர் 2028ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த 'சார்ல்ஸ்டன்' (1927) என்ற குறும்படத்தில் நடனமாடினார். ஆண்டர்சனின் கதையைத் தழுவிய 'தீக்குச்சி விற்கும் சிறுமி' (1928) படத்திலும் நடித்தார். அல்பெர்த்தோ கவல்காந்தி இயக்கிய படங்களிலும் இவருக்கு வேடங்கள் கிடைத்தன. இவற்றுள் ஒன்றான 'சிவப்புத் தொப்பிச் சிறுமி'யில் ஹெஸ்லிங் சிறுமியாகவும் ழான் ஓநாயாகவும் நடித்தனர்.

பிரிவு

ழானின் பேசும் படமான 'லா ஷியென்' (1931) இவரது வாழ்வில் திருப்பமாக அமைந்தது. அதன் நாயகி வேடத்தை ஹெஸ்லிங் எதிர்பார்த்திருந்தார். தயாரிப்பாளர்கள் ஜானி மரேஸ் என்ற நடிகையை வலியுறுத்தினர். ழான் அதற்கு இணங்கினார். கணவனும் மனைவியும் பிரிந்தனர். ஜானி மரேசும் படம் வெளிவருமுன் வாகன விபத்தில் இறந்தார்.

அதன்பின் ஹெஸ்லிங்கிற்குச் சிறு வேடங்களே கிடைத்தன. 1935இல் பியேர் செனால் இயக்கிய 'குற்றமும் தண்டனையும்' படத்துடன் இவரது திரை வாழ்க்கை ஏறத்தாழ முடிவுற்றது. அப்போது இவருக்கு வயது 35. ழான் 'மாபெரும் மாயை' (1937), 'ஆட்டத்தின் விதி' (1939) முதலிய படங்களால் உலகப்புகழ் பெற்றார். இருவரும் 1979ஆம் ஆண்டிலேயே காலமானார்கள்.

ரெனுவார் திரைப்படம்

ழீல் பூர்தோ இயக்கிய ரெனுவார், 2012 கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மிசேல் பூக்கே ஓவியராகவும், வின்சன் ரொத்தியே ழானாகவும், கிறிஸ்தா தெரே அந்திரேயாகவும் நடித்தனர். 1915இல் போரில் காயமுற்று வீடு திரும்பும் ழான், தந்தையின் மாதிரிப் பெண்ணிடம் காதல் கொள்வதே கதை. தைவானைச் சேர்ந்த மார்க் லீ பிங்பின் ஒளிப்பதிவு செய்தார். ஓவியங்களைப் போலியாக வரைந்து தண்டனை பெற்ற கீ ரிப் என்பவர், படத்தில் காணப்படும் ஓவியங்களைத் தீட்டினார். ஆசுக்கார் விருதின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்குப் பிரான்சு இப்படத்தையே அனுப்பியது. இறுதிப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. 2014இல் சிறந்த ஆடை வடிவமைப்புக்கான சேசர் விருதைப் பெற்றது.

இப்படத்தால் ஹெஸ்லிங்கின் பெயர் மீண்டும் பேசப்பட்டது. எனினும் நடிகையாக விரும்பும் பெண்ணை மட்டுமே படம் காட்டுகிறது. அவர் நடிகையான பின் நிகழ்ந்தவை கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தந்தையின் கடைசி மாதிரி, மகனின் முதல் நாயகி என்ற இரு அடையாளங்களும் பிறரைச் சார்ந்தவை. ஹெஸ்லிங்கின் சொந்தக் கலையை அறிய, எஞ்சியுள்ள மௌனப் படங்களே நேரடிச் சான்றுகளாகும்.