விசித்திர விளையாட்டுகளின் புரவலர்கள்

வணிகக் கணக்குக்குள் அடங்காத ஒரு கலைப்படைப்புக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. எனினும், கடந்த பதினைந்து ஆண்டுகளில் அதற்கு மிகத் தெளிவான விடைகளையும், சில வேளைகளில் மிகக் கசப்பான விடைகளையும் தந்திருப்பது வீடியோ கேம் துறைதான். தனியொருவரோ நான்கைந்து நண்பர்களோ சேர்ந்து உருவாக்கிய விசித்திரமான ஒரு கேமுக்கு இரண்டாம் பாகம் எடுக்க முனையும்போது இந்தக் கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. முதல் பாகத்தை இலவசமாகத் தந்தவரிடம் இரண்டாம் பாகத்துக்கான முதல் இருப்பதில்லை. விற்பனைக் கணக்கு என்று காட்ட எதுவும் இல்லாத ஒன்றில் காசு போட முதலீட்டாளரும் முன்வருவதில்லை. எஞ்சியிருப்பவர்கள், முதல் பாகத்தை விளையாடி அதன்மேல் பித்துக்கொண்ட சில ஆயிரம் ரசிகர்கள் மட்டுமே. அவர்கள் திரட்டித் தரும் பணம் பொருளுக்கான விலையும் அன்று, லாபம் தேடும் முதலீடும் அன்று. அது புரவலரின் கொடை. இதை இரு தரப்பும் உணர்ந்திருக்கும் இடத்தில் கலை பிறக்கிறது. மறந்த இடத்தில் மனக்கசப்பே மிஞ்சுகிறது.

எதற்குப் பணம், எப்படிப் பணம்?

ஒரு கதாபாத்திரத்தின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகத் திரிந்து, எதிர்ப்படுவோரிடம் பேசி, சண்டையிட்டு, அனுபவப் புள்ளிகள் சேர்த்து ஆற்றலை வளர்த்துக்கொண்டே ஒரு நீண்ட கதையைக் கடந்து செல்வதுதான் ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி. ஓடுவதும் தாவுவதுமாக முடிந்துவிடும் கேம்களைப் போலன்றி, இதற்கு ஊர்களும் வரைபடங்களும் நூற்றுக்கணக்கான உரையாடல்களும் ஆயுதங்களும் எதிரிகளும் தேவைப்படுவதால், இதை உருவாக்கும் உழைப்பு பல மடங்கு பெருகிவிடுகிறது. பெருநிறுவனங்களின் முதலீடு இன்றித் தனியாரும் சிறு குழுக்களும் உருவாக்குபவை இண்டி கேம்கள் எனப்படுகின்றன. நிரல் எழுதும் பயிற்சி அதிகம் இல்லாதவர்களும் கேம் உருவாக்க உதவும் ஆர்பிஜி மேக்கர், கேம்மேக்கர் போன்ற மென்பொருள்கள் இத்தகைய படைப்பாளிகளின் பட்டறைக் கருவிகளாக இருக்கின்றன.

இவர்களுக்கான நிதிக்கு வழி திறந்தது, கிரவுட் ஃபண்டிங் எனப்படும் கூட்டுநிதி முறை. 2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் நிறுவனம் இதைப் பரவலாக்கியது. படைப்பாளி ஒரு தொகையை இலக்காகவும் ஒரு நாளைக் கெடுவாகவும் அறிவிக்கிறார். கெடுவுக்குள் இலக்கு எட்டப்பட்டால் மட்டுமே ஆதரவாளர்களிடமிருந்து பணம் பெறப்படும், எட்டாவிட்டால் ஒரு காசும் கைமாறாது. தமிழ்ப் பதிப்புலகம் நன்கறிந்த முன்வெளியீட்டுத் திட்டத்தோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு என்றாலும், ஒரு முக்கிய வேறுபாடும் உண்டு. முன்வெளியீட்டில் பெரும்பாலும் நூல் எழுதி முடிக்கப்பட்டு அச்சுக்குக் காத்திருக்கும். கூட்டுநிதியிலோ பல வேளைகளில் ஒரு முன்னோட்டப் படமும் சில வரைபடங்களும் தவிர எதுவும் உருவாகியிருக்காது. இங்கு ரசிகர் பணம் தருவது படைப்பை நம்பியல்ல, படைப்பாளியை நம்பி.

திருப்புமுனையான 2012

இந்த நம்பிக்கைக்கு எவ்வளவு பெறுமானம் உண்டு என்பதை உலகம் 2012இல் கண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு சாகச கேமுக்காக 4 லட்சம் டாலர் கேட்க, 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் தந்தனர். அடுத்த சில வாரங்களில், 1988இல் வெளியான வேஸ்ட்லேண்ட் என்ற ஆர்பிஜியின் இரண்டாம் பாகத்துக்காக, முதல் பாகத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற பிரையன் ஃபார்கோ 9 லட்சம் டாலர் கேட்டபோது 29 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. கால் நூற்றாண்டாக நிறுவனங்கள் தட்டிக்கழித்த ஒரு தொடர்ச்சியை ரசிகர்கள் ஒரே மாதத்தில் சாத்தியமாக்கினர். 2014 செப்டம்பரில் அந்த கேம் வெளியாகவும் செய்தது. ஆயினும் ஃபார்கோ துறையில் பெயர் பெற்றவர்; அவருடைய நிறுவனம் பல கேம்களை முடித்துக்காட்டிய அனுபவம் உடையது. பெயரும் அனுபவமும் அற்ற சிறு குழுக்களின் கதை வேறு.

கூடைப்பந்து தடைசெய்யப்பட்ட உலகம்

அத்தகைய குழுக்களுள் ஒன்று டேல்ஸ் ஆஃப் கேம்ஸ். 2008 ஜனவரியில் இக்குழு இலவசமாக வெளியிட்ட 'பார்க்லி, ஷட் அப் அண்ட் ஜாம்: கெய்டன்' என்ற ஆர்பிஜி, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லியைக் கதாநாயகனாகக் கொண்டது. பேரழிவுக்குப் பிந்தைய 2053ஆம் ஆண்டின் நியூயார்க்கில் கதை நடக்கிறது. 2041இல் பார்க்லி ஆட்டத்தின் நடுவே கேயாஸ் டங்க் என்னும் அழிவு வீச்சை நிகழ்த்த, அரங்கிலிருந்த ஏறத்தாழ அனைவரும் மாண்டுபோகின்றனர். அதன்பின் கூடைப்பந்து தடைசெய்யப்பட்டு வீரர்கள் வேட்டையாடப்படுகின்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே அழிவு மீண்டும் நிகழ, பழி பார்க்லியின் மேல் விழுகிறது. அவரைத் துரத்துபவர் மைக்கேல் ஜோர்டன்.

இவ்வளவு அபத்தமான கதையை இக்குழு ஒரு பெருங்காப்பியத்துக்குரிய முழு மனத்தோடு சொல்லியிருப்பதில்தான் அந்த கேமின் தனித்தன்மை இருக்கிறது. மகனைக் காக்க ஓடும் தகப்பனின் துயரம் உண்மையான துயரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆடிய நிலையைச் சேமித்துவைக்கும் இடங்களில்கூட, பேசும் பெட்ரோல் பம்புகள் நின்றுகொண்டு வீடியோ கேம்களின் தரம் குறித்து நீண்ட சொற்பொழிவு ஆற்றுகின்றன. வாழும் வீரர்களின் பெயர்களையும் ஹாலிவுட் படமொன்றின் தொடர்ச்சி என்ற பாவனையையும் கலந்த இப்படைப்பை விலைக்கு விற்க எந்த வெளியீட்டாளரும் துணிந்திருக்கமாட்டார். அதை இலவசமாக ஆடி, வாய்வழியாகவே பரப்பி, நிலைக்கச் செய்தவர்கள் ரசிகர்கள்தாம்.

எனவே 2012 இறுதியில் இக்குழு இரண்டாம் பாகத்துக்காக 35 ஆயிரம் டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தபோது, ரசிகர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அளவுக்கு அள்ளித் தந்தது வியப்பன்று. வியப்புக்குரியது குழுவின் திட்டம். மாறி மாறி அடிக்கும் பழைய சண்டை முறையைக் கைவிட்டு, உடனுக்குடன் ஓடிச் சுடும் அதிரடி ஆர்பிஜியாக இரண்டாம் பாகத்தை அமைக்கவும், துப்பாக்கிகளை ஒன்றோடொன்று கலந்து புதிய துப்பாக்கிகளைப் பிறப்பிக்கும் சிக்கலான முறை ஒன்றைப் புகுத்தவும் அவர்கள் விரும்பினர். பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. பத்தாண்டுகள் கடந்த பின்னும், வாக்களித்த முழு கேம் ரசிகர்களின் கைக்கு வந்து சேரவில்லை.

ஏழாயிரம் டாலர் கேட்டவர்

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் அதே காலத்தில் நிகழ்ந்தது. ஆஸ்டின் ஜோர்கென்சன் என்ற அமெரிக்கர் ஆர்பிஜி மேக்கரைக் கொண்டு 2012இல் 'லீசா' என்ற சிறிய கேமை இலவசமாக வெளியிட்டார். தந்தையின் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் மனத்துக்குள் நடக்கும் அந்த கேமில் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. அதன் தொடர்ச்சிக்காக அவர் 2013இல் கேட்டது வெறும் 7 ஆயிரம் டாலர். கிடைத்தது 16 ஆயிரம் டாலருக்குச் சற்று அதிகம். 2014 டிசம்பர் 15 அன்று 'லீசா: தி பெயின்ஃபுல்' வெளியாகிவிட்டது.

பெண்களே இல்லாமல் போன ஒரு பாழ்நிலத்தில், தான் கண்டெடுத்து வளர்த்த சிறுமியைத் தேடி அலையும் பிராட் என்பவனின் கதை அது. வழியில் ஒரு கொடியவன் அவனை மறித்து, உடன்வரும் கூட்டாளியின் உயிரா, அவனுடைய கையா என்று கேட்கிறான். கையை இழக்க ஒப்பினால், அந்தக் கணம் தொடங்கி கேமின் கடைசி வரை பிராடின் தாக்கும் வலிமை குன்றிப்போகும். கூட்டாளியை விட்டுக்கொடுத்தால் அவன் மீண்டும் வரமாட்டான். விளையாடுபவரை மகிழ்விப்பதையே இலக்கணமாகக் கொண்ட பெருநிறுவனக் கேம்களில் இப்படியொரு விதியை யாரும் அனுமதிக்கமாட்டார்கள். அதை அனுமதித்தது ரசிகர்களின் பணம் தந்த சுதந்திரமே.

தலைக்கணக்கு சொல்லும் உண்மை

ஒன்றில் லட்சத்துக்கு மேல் பணம் குவிந்தும் கேம் முடியவில்லை. மற்றொன்றில் பதினாறாயிரத்தில் முடிந்துவிட்டது. பணம் மிகுந்ததே கேடு என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. திரண்ட தொகையில் கிக்ஸ்டார்ட்டர் 5 விழுக்காட்டையும், பணப் பரிமாற்ற நிறுவனம் 3 முதல் 5 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்ளும். 1 லட்சத்து 20 ஆயிரத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 1 லட்சத்து 8 ஆயிரம். வேலை செய்வோர் ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 18 ஆயிரம் டாலர் வரும். அமெரிக்க ஒன்றிய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்; ஓராண்டு முழுவதும் அந்தக் கூலிக்கு உழைப்பவர் ஈட்டுவது ஏறத்தாழ 15 ஆயிரம் டாலர். ஆகவே லட்சம் டாலர் என்று பெரிதாகத் தெரியும் தொகை, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஓராண்டுக்குச் சற்று அதிகமான குறைந்தபட்சக் கூலி மட்டுமே. ஏறத்தாழத் தனியொருவராக உழைத்த ஜோர்கென்சனுக்குக் கிடைத்ததும் ஓராண்டுக் கூலிதான். அவருடைய திட்டம் அந்த ஓராண்டுக்குள் அடங்கியது; மற்றவர்களுடையது அடங்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

இலக்கை மீறிப் பணம் வரும்போது, 'இன்னும் இவ்வளவு வந்தால் இன்னொரு உலகத்தைச் சேர்ப்போம்' என்று வாக்குறுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியிருக்கிறது. ஸ்ட்ரெட்ச் கோல் எனப்படும் இந்தக் கூடுதல் இலக்குகள், பணத்தை ஒரு மடங்கு கூட்டினால் வேலையைப் பல மடங்கு கூட்டிவிடுகின்றன. கூடுதலாக வரும் பணத்தைக் கால அவகாசமாக மாற்றிக்கொள்பவரே கரை சேர்கிறார். அப்போதும் பொறுமை தேவைப்படலாம். 2014இல் 22 ஆயிரம் டாலர் கேட்டு 2 லட்சத்துக்கு மேல் பெற்ற 'ஓமோரி' என்ற ஆர்பிஜி, 2020 டிசம்பரில்தான் வெளியானது. தாமதம் வேறு, கைவிடல் வேறு என்பதற்கு அதுவே சான்று.

காசுக்கு அப்பால்

ரசிகரின் பங்களிப்பைப் பணத்தால் மட்டும் அளப்பதும் குறைப்பார்வையே. 2013இல் டோபி ஃபாக்ஸ் தமது 'அண்டர்டேல்' என்ற ஆர்பிஜிக்கு 5 ஆயிரம் டாலர் கேட்டு 51 ஆயிரத்துக்கு மேல் பெற்றபோது, அதை ஆதரித்த சிலர் வடிவமைத்த பாத்திரங்களும் கேமுக்குள் இடம்பெற்றன. ரசிகர் பலருக்கும் விருப்பமான மஃபெட் என்ற சிலந்திப் பெண் அப்படி வந்தவள்தான். லீசாவின் ரசிகர்களோ ஒருபடி மேலே சென்று, அதே உலகில் நடக்கும் 'தி ஹோப்ஃபுல்', 'தி பாயிண்ட்லெஸ்' போன்ற முழுநீளக் கதைகளைத் தாங்களே கேம்களாக உருவாக்கினர். 2023இல் லீசாவின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பைச் செரினிட்டி ஃபோர்ஜ் என்ற நிறுவனம் வெளியிட முன்வந்தது. ரசிகர்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் படைப்பை உயிரோடு வைத்திருந்தனர் என்பதை நினைவில் கொண்டே இதைப் பார்க்க வேண்டும். விளம்பரம், சோதனை ஓட்டம், வழிகாட்டி நூல், இசை மறு ஆக்கம் என்று பணத்தால் வாங்க முடியாத எத்தனையோ பணிகளை ரசிகர்கள் கூலி வாங்காமல் செய்துவருகின்றனர்.

இரு தரப்பின் கடமை

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஈத்தன் மாலிக் 2015இல் ஏறத்தாழ 47 ஆயிரம் ஆதரவாளர்களிடம் நடத்திய ஆய்வின்படி, கிக்ஸ்டார்ட்டரில் நிதி பெற்ற திட்டங்களில் 9 விழுக்காடு வாக்களித்த பொருளைத் தரத் தவறின. பதினொன்றில் ஒன்று தவறும் என்று தெரிந்தே தருவது கொடையின் இயல்பு. ஆனால் கொடை என்பதால் கணக்குக் கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. திட்டத்தை முடிக்க முடியாத படைப்பாளி, நடந்தது என்ன, பணம் எப்படிச் செலவானது என்று விளக்கி, எஞ்சிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரின் விதிகளே கூறுகின்றன. தோல்வியைவிட ரசிகரை அதிகம் புண்படுத்துவது மௌனம்தான். மாதக்கணக்கில் செய்தி இல்லாமல் போகும்போதுதான் தாம் ஏமாற்றப்பட்டதாக அவர் உணர்கிறார்.

நிதி கோரும் படைப்பாளிகள், ஆடிப்பார்க்கக்கூடிய ஒரு சிறு பகுதியையேனும் முதலில் காட்ட வேண்டும். எத்தனை பேர், எத்தனை மாதம், தலைக்கு எவ்வளவு என்ற கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும். பணம் கூடினாலும் திட்டத்தைக் கூட்டாமல் இருக்க வேண்டும். ஆதரிக்கும் ரசிகர்கள், திரும்பி வராவிட்டால் வருந்தாத அளவு மட்டுமே தர வேண்டும். தந்த பின் படைப்பாளியை மிரட்டாமலும், அதே வேளையில் கேள்வி கேட்கத் தயங்காமலும் இருக்க வேண்டும். சந்தை ஏற்காத விசித்திரங்களுக்கு இவ்வுலகில் இடம் இருக்க வேண்டுமானால், அதற்கு விலை கொடுக்கச் சிலர் முன்வந்தே ஆக வேண்டும். நம்பிக் கொடுப்பவர்கள் அனைவரும் ஏமாளிகள் அல்லர். அவர்கள் இல்லாவிட்டால் லீசாவும் இல்லை, அண்டர்டேலும் இல்லை.