183 டிகிரியில் உருகும் ரகசியம்

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் கை வைக்கும் முதல் மின்சுற்று, சூ மாய் என்பவர் வடிவமைத்த 'சீமாய்'. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஆப்-ஆம்ப் ஐசி, ஒரு கைப்பிடி அளவு ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள். மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் எல்லாம் அடங்கிவிடும். பாகங்களைவிடக் கருவிகளுக்குத்தான் காசு அதிகம் போகும். எதில் தாராளம் காட்டுவது, எதில் இறுக்கிப் பிடிப்பது?

சால்டரிங் அயர்னில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அது உருக்கும் ஈயக் கம்பி, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால், கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! சேர்ந்ததும் இரண்டுமே இளகிப்போகின்றன. இன்னொரு விசேஷமும் உண்டு. பல உலோகக் கலவைகள் இறுகும்போது சிறிது நேரம் கூழாக நிற்கும். அந்த நேரத்தில் கம்பி அசைந்தால் இணைப்பு கெட்டுவிடும். 63/37-க்குக் கூழ் நிலையே இல்லை. பழகுகிறவர்கள் இதையே கேட்டு வாங்கலாம்.

183 போதும் என்றால் அயர்னை ஏன் 350-ல் வைக்கிறார்கள்? தொட்டதுமே செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத மலிவு அயர்ன், சும்மா கிடக்கும்போது 400 டிகிரியைத் தாண்டிவிடும். ஈயக் கம்பியின் நடுவே ஓடும், பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த பிளக்ஸ், உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றுவதற்கு முன்பே கருகிவிடும். பிறகு ஈயம் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள அயர்னில், வாட் அதிகமானால் சூடும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். இழந்த சூட்டை எவ்வளவு வேகமாக மீட்கும் என்பதையே வாட் சொல்கிறது. முனையிலும் ஊசியைவிட உளி வடிவம் மேல். தொடும் பரப்பு கூடுதல், சூடு சீக்கிரம் ஏறும்.

முனையைப் பாகத்தின் கம்பிக்காலும் போர்டின் செம்பு வளையமும் சேருமிடத்தில் வைத்து, ஓரிரு விநாடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடுங்கள். அது தானாகச் சூடான பக்கம் ஓடி, காலைச் சுற்றிப் பளபளவென்று குழிந்து நிற்கும். உருண்டையாக நின்றால் இணைப்பு சரியில்லை. ஐசியை நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் போட்டுவிடுங்கள்.

கட்டர், இடுக்கி எல்லாம் சாதாரணமானவை போதும். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியை மறக்காமல் அணியுங்கள். நறுக்கிய கம்பித்துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

மல்டிமீட்டரும் மலிவானதே போதும். ஆனால் 200 மில்லிவோல்ட் டிசி அளவும், தொடர்பு இருந்தால் 'பீப்' சத்தமும் இருக்க வேண்டும். ஐசியைச் செருகுமுன், பேட்டரியின் 9 வோல்ட் நடுப்புள்ளியில் நாலரை நாலரையாகப் பிரிகிறதா என்று பாருங்கள். செருகிய பின், பாட்டு இல்லாதபோது வெளியீட்டில் டிசி எவ்வளவு என்று அளக்க வேண்டும். 32 ஓம் ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்கச் சுமார் 0.18 வோல்ட் போதும். அந்த அளவு டிசி நிரந்தரமாக நின்றால், டயஃப்ரம் ஒரு பக்கம் தள்ளப்பட்டே கிடக்கும். இன்னும் கூடினால் அதை அசைக்கும் கம்பிச்சுருள் கருகும். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை.

மீட்டர் சரியென்று காட்டினாலும், முதலில் பழைய இயர்போனையே செருகுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீயை எடுக்காதீர்கள்.